பள்ளத்தை அளக்கத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் தொடங்கி நொய்யலில் சேரும் எங்கள் ஊர்ப் பள்ளத்தைச் சீரமைப்பதற்கான வரைபடத்தைச் சென்ற வாரம் ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டோம். (கொங்கு நாட்டில் ஓடையைப் பள்ளம் என்றே சொல்வோம், வெளியூர் அன்பர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.) அந்த வரைபடத்தில் இருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால், வெயிலில் டேப்பைப் பிடித்துக்கொண்டோ சேற்றில் ஸ்டாஃபை (உயரம் பார்க்கும் அளவுகோலை) நிமிர்த்திக்கொண்டோ நின்ற ஒருவர் இருக்கிறார். அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்பதற்காகவே இம்மடல்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே பள்ளம் ஒருமுறை தூர்வாரப்பட்டதைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். பொக்லைன் இறக்கி, 12 மீட்டர் அகலத்துக்குத் தரையைச் சமமாக்கி, கரையைச் செங்குத்தாக வெட்டினார்கள். அகலம் கூடினால் வெள்ளம் தங்கு தடையின்றிப் போகும் என்று அன்று நானும் மனதார நம்பினேன். ஆனால் அடுத்து வந்த இரண்டு மழைக்காலங்களில், அவ்வளவு அகன்ற தரையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குப் பரவி, வேகம் இழந்து, மலையிலிருந்து உருட்டிவந்த மணலையும் கல்லையும் அங்கேயே இறக்கிவிட்டது. மேடிட்ட இடத்தில் சீமைக்கருவேலம் முளைத்தது. அதைச் சுற்றிக்கொண்டு பாய்ந்த தண்ணீர் கரையை அறுத்து, இரண்டு தோட்டங்களின் வேலியைக் கொண்டுபோனது. அந்த இழப்பைப் பார்த்த பிறகுதான், இனி ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளுவதற்கு முன்பும், இந்தப் பள்ளம் தானாக வெட்டிக்கொள்ளும் அகலமும் ஆழமும் எவ்வளவு என்பதை அளந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஓடையின் அகலமும் ஆழமும் அதில் ஓடும் நீரின் அளவோடு ஓர் ஒழுங்கில் கூடுகின்றன என்பதை அமெரிக்க நீரியல் ஆய்வாளர்களான லூனா லியோபோல்டும் தாமஸ் மேடாக்கும் 1953-ஆம் ஆண்டிலேயே காட்டினார்கள். கீழே போகப்போக அகலம் ஏறக்குறைய நீரளவின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது என்பது அவர்கள் கண்டது. அந்நாட்டின் பல பகுதிகளில், நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சொன்னால் ஓடையின் அகலத்தைச் சொல்லும் வரைகோடுகளும் இருக்கின்றன. அங்கத்திய மழைக்கும் மண்ணுக்கும் வரைந்த கோட்டை இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. ஆகவே, இதே பள்ளத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே, பொக்லைன் எட்டாத ஒரு துண்டை மாதிரியாக எடுத்துக்கொண்டோம். அதற்கும் சீரமைக்கப்போகும் இடத்துக்கும் நடுவில் வேறு பள்ளம் எதுவும் வந்து சேரவில்லை. சரிவும் ஏறத்தாழ ஒன்றே. அந்தத் துண்டு தம் தோட்டத்தின் ஊடே போவதால், பத்து நாளும் வாழைக்குள் ஆட்கள் நடமாட இடம் கொடுத்து, மோட்டார் அறையில் கருவிகளை வைக்கச் சாவியும் தந்த தோட்டத்துக்கார ஐயாவுக்கும், மதியம்தோறும் மோர் கொடுத்தனுப்பிய அவர் வீட்டு அம்மாவுக்கும் எங்கள் முதல் நன்றி.

அடுத்து, யாரையும் விட அதிகம் கடமைப்பட்டிருப்பது ஆடு மேய்க்கும் பெரியம்மாவுக்கு. ஓடையை அளப்பதில் மிகக் கடினமான வேலை, தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தால் பள்ளம் நிரம்பியதாகக் கொள்வது என்பதைக் களத்தில் கண்டுபிடிப்பதுதான். மேட்டுக்கரையின் உச்சியிலிருந்து அளந்தால் எண் தாறுமாறாகப் பெருகிவிடும். இடது கரையில், படுகையிலிருந்து இடுப்புக்குக் கீழான உயரத்தில், ஒரு சமமான திட்டு இருந்தது. அருகம்புல் மண்டி, புங்க மரத்தின் வேர் பாதி வெளியே தெரிந்தது. அந்தத் திட்டா, அதற்கும் மேலே இருந்த இன்னொரு படியா என்று நாங்கள் ஒரு காலைப்பொழுது முழுவதும் வாதிட்டுக்கொண்டிருந்தோம். அவ்வழியே வந்த பெரியம்மா கையிலிருந்த குச்சியால் கீழ்த்திட்டைத் தட்டிக் காட்டி, "ஆடு படுக்கிற இந்தத் திட்டு ரண்டு வருசத்துக்கு ஒருக்கா நனையுமுங்க, மழை நல்லாப் பேஞ்சா வருசா வருசம் நனையுமுங்க. இதுக்கு மேல ஏறுச்சுன்னாத் தோட்டத்துக்குள்ள பூந்துருமுங்க" என்றார். கரை நிரம்பி ஓடும் வெள்ளம் சராசரியாக ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பது லியோபோல்டு போன்றோர் நெடுங்கால வெள்ளப் பதிவுகளிலிருந்து எடுத்த கணக்கு. எங்கள் பள்ளத்துக்கு அப்படிப்பட்ட பதிவேடு கிடையாது. பெரியம்மாவின் நினைவே எங்களுக்குப் பதிவேடாக இருந்தது.

அந்தத் திட்டை வைத்து எட்டு இடங்களில் குறுக்குவெட்டு எடுத்தோம், அதாவது கரைக்குக் கரை டேப் கட்டி அகலத்தையும் ஆழத்தையும் அளந்தோம். கரை நிரம்பும் அகலம் சராசரியாக 6.4 மீட்டர், சராசரி ஆழம் 0.7 மீட்டர், பரப்பு ஏறத்தாழ நாலரைச் சதுர மீட்டர். வெட்டப்பட்ட அகலத்தில் ஏறக்குறைய பாதி!

ஸ்டாஃப் பிடித்தும், லெவல் புத்தகம் எழுதியும், குனிந்து குனிந்து கல் பொறுக்கியும் உழைத்த பொறியியல் கல்லூரி மாணவ மாணவியருக்கு என்ன கைம்மாறு செய்வது என்று தெரியவில்லை. படுகையின் கல் எவ்வளவு பெரியது என்பதை அறிய, ஓர் அடி வைத்து, கால் பெருவிரலுக்கு முன்னால் விரல் முதலில் தொடும் கல்லைப் பார்க்காமல் எடுத்து, அதன் நடு அகலத்தை அளந்து சொல்ல வேண்டும். இப்படி 100 கற்கள். 1954-இல் அமெரிக்க ஆய்வாளர் வோல்மன் வகுத்த இந்த முறையை ஒவ்வொரு துண்டிலும் பொறுமையாகச் செய்தார்கள். முதல் நாள் எடுத்த மட்டம், தரைப்பாலத்துச் சுவரில் நாங்கள் வைத்த குறிக்குத் திரும்பி வந்தபோது 4 செ.மீ. பொருந்தவில்லை. ஸ்டாஃப் சேற்றில் இறங்கியிருக்கிறது. அடியில் ஒரு தட்டைக் கல்லை வைத்து, யாரும் சொல்லாமலே மறுநாள் முழு வேலையையும் மீண்டும் செய்தார்கள்.

மட்டம் பார்க்கத் தம் சொந்த ஆட்டோ லெவல் கருவியைக் கொடுத்து உதவிய ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா, இன்னொரு தெளிவையும் தந்தார். வட இந்திய வண்டல் கால்வாய்களை வைத்து ஆங்கிலேயப் பொறியாளர் ஜெரால்டு லேசி உருவாக்கிய வாய்பாட்டின்படி, நனையும் சுற்றளவு (தண்ணீர் தொடும் தரையும் கரையும் சேர்ந்த நீளம்) நீரளவின் வர்க்கமூலத்தைப் போல 4.75 மடங்கு. கரை நிரம்பும்போது ஓடுவதாக நாங்கள் கணக்கிட்ட நொடிக்கு ஆறரை கன மீட்டருக்கு அது 12 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது. நுண்வண்டலில் ஓடும் கால்வாய்க்குப் பொருந்துவதைக் கூழாங்கல் படுகைக்கும் வேர் பிடித்த கரைக்கும் வைக்கக் கூடாது என்று அவர் காகிதத்தில் போட்டுக் காட்டியது, எங்கள் அளவின் மீது எங்களுக்கே நம்பிக்கை தந்தது.

புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) பார்த்து எல்லைக்கல்லைத் தேடித் தந்த சர்வேயர் அவர்களுக்கும் கிராம நிர்வாக அலுவலர் அவர்களுக்கும் நன்றி. பள்ளப் புறம்போக்கு 22 மீட்டர் அகலம் என்பது அப்போதுதான் உறுதியானது. அந்த 22 மீட்டரும் பள்ளத்துக்கு வேண்டும்; ஆனால் அத்தனையும் படுகையாக வேண்டியதில்லை. நடுவில் ஆறரை மீட்டருக்குள் வாய்க்கால் போல ஓடுபடுகை, இருபுறமும் பெருவெள்ளம் ஏறிப் பரவப் புல்லும் புங்கனும் வளரும் தாழ்ந்த திட்டு என்பதே இப்போது ஒப்படைத்திருக்கும் வடிவமைப்பு. எல்லை வரை வந்திருந்த தென்னங்கன்றுகளைத் தாமே முன்வந்து மாற்றி நட்டுக்கொண்ட இரு குடும்பத்தாரின் பெருந்தன்மையால்தான் இந்தத் திட்டுக்கு இடம் கிடைத்தது.

எட்டுக் குறுக்குவெட்டுகளின் இரு முனையிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்த இரும்பு முளைகளைப் புதைத்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அதே முளைகளுக்கு நடுவே டேப் கட்டி மறுபடி அளக்கவிருக்கிறோம். மாடு கட்டவோ வேறு எதற்கோ அவற்றைப் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு தோட்டத்துக்காரர்களையும், தை மாதம் ஒரு நாள் ஸ்டாஃப் பிடிக்க வருமாறு மற்றவர்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
பள்ளம் அளவைப் பணி ஒருங்கிணைப்பாளர்