‘கிரீக்கி’யைத் தமிழில் எழுதும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் தரும்போது, ‘கிரீக்கி’ (creaky, கிறீச்சிடுகிற) என்னும் பெயரடையைச் ‘சிதிலமடைந்த’ என்றும் ‘பாழடைந்த’ என்றும் எழுதுவதை நாளிதழ்களில் காண்கிறேன். செய்தியின் பொருளையே இது மாற்றிவிடுகிறது.

காகம், வாத்து போன்றவற்றின் கரகரப்பான கத்தலைக் குறித்த பழைய ஆங்கில வினைச்சொல்லே பின்னாளில் கதவுக்கும் மரப்படிக்கும் ஆகி வந்து, அதிலிருந்து இப்பெயரடை பிறந்தது. மரம் உலர்ந்து சுருங்கும்போது ஆணியின் பிடி தளர்கிறது. படியில் கால் வைத்ததும் பலகை ஆணியோடு உராய்ந்து முனகுகிறது. கதவின் கீலில் எண்ணெய் வற்றித் துரு ஏறிவிட்டால், இரும்பு இரும்பைப் பற்றுவதும் நழுவுவதும் மாறி மாறி நிகழ, அந்த அதிர்வு நம் காதில் கிறீச்சென்று விழுகிறது. இரண்டும் பழையவை, தேய்ந்தவை. ஆயினும் இன்றும் புழக்கத்தில் இருப்பவை. பாழடைந்த வீட்டின் படியிலோ ஏறுவதற்கு ஆளில்லை.

நீதித்துறை, ரயில்வே, ஓய்வூதியத் திட்டம் ஆகியவற்றை ஆங்கில ஏடுகள் ‘கிரீக்கி’ என்று எழுதும்போது, பளு தாங்காமல் திணறினாலும் அவை இயங்கிக்கொண்டிருக்கின்றன, உடனே செப்பனிட வேண்டும் என்பதே கருத்து. ‘பாழடைந்த’ என்று படிக்கும் வாசகரோ, அது கைவிடப்பட்டுவிட்டதாகவே எண்ணுவார்.

இதன் அண்டைச் சொற்களையும் பிரித்தறிய வேண்டும். ‘ரிக்கட்டி’ (rickety) என்பது வைட்டமின் டி குறைவால் குழந்தைகளின் எலும்பு வலுவிழக்கும் ‘ரிக்கெட்ஸ்’ நோயின் பெயரிலிருந்து வந்தது; ஓசையை விட ஆட்டத்தையே அது சுட்டுகிறது. ‘ஸ்குவீக்கி’யோ (squeaky) மெல்லிய கீச்சொலி, புதுச் செருப்புக்கும் அது பொருந்தும்.

ஒலிக்குறிப்புச் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. கதவும் கட்டிலும் ‘கிறீச்சிடும்’, பேருந்து ‘லொடலொடத்தது’, நாற்காலி ‘ஆட்டம் கண்டது’, அமைப்புகளுக்குத் ‘திணறும்’ என்பதே போதும். பாலங்கள், மருத்துவமனைக் கட்டடங்கள் குறித்த செய்திகளிலாவது, மக்கள் அவற்றை இன்னும் பயன்படுத்துகிறார்களா என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுக்குமாறு தங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தஞ்சாவூர்