வேக்கம் பம்ப்புக்கு அரை மணி நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருமங்கலத்தில் இருபத்திரண்டு வருடமாக ஏசி மெக்கானிக் வேலை பார்க்கிறேன். சித்திரை பிறந்துவிட்டால் நாளைக்கு ஆறேழு வீடு ஏறி இறங்க வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது வேக்கம் பம்ப்.

ஏசி மாட்டும்போது காப்பர் பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் போட்டு உறிஞ்சிய பிறகுதான் கேஸைத் திறக்க வேண்டும். பலர் வெளியே மாட்டும் அவுட்டோர் யூனிட்டில் உள்ள கேஸையே கொஞ்சம் திறந்து காற்றை வெளியே தள்ளிவிட்டு நட்டை முறுக்கிவிடுகிறார்கள். ஆர்22 என்ற பழைய ஏசி கேஸ் இருந்த காலத்துப் பழக்கம் அது. இப்போது வரும் ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ். ஆர்290 என்ற இன்னொரு கேஸ், எளிதில் தீப்பற்றும் புரொப்பேனேதான். தவிர, இப்படித் தள்ளினால் ஈரம் போகாது. உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும்; இரண்டு மூன்று கோடையில் கம்ப்ரஸரே போய்விடலாம்.

24 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு இறக்கினால் தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். நாங்கள் அதற்கும் கீழே, 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் வரை இறக்குகிறோம். சாதாரண கேஜ் முள்ளில் இது தெரியாது, மைக்ரான் மீட்டர் வேண்டும். அதனால்தான் பழைய பிரிட்ஜ் கம்ப்ரஸரைப் பம்ப்பாக மாற்றி வைத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. அது அந்த அளவுக்கு இழுக்காது.

நல்ல பம்ப்பே வைத்திருந்தாலும் அதன் ஆயிலைப் பார்க்க வேண்டும். போன ஐப்பசி மழையில் ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டியும் மீட்டர் 1500-க்குக் கீழே இறங்கவில்லை. லீக் என்று நினைத்து, பைப்பை இணைக்கும் பிளேர் நட்டையெல்லாம் பிரித்து மாட்டினேன். கடைசியில்தான் பம்ப்பின் ஆயில் கண்ணாடியைக் குனிந்து பார்த்தேன். தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டிய ஆயில் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. உறிஞ்சிய ஈரமெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. சூட்டோடு வடித்துவிட்டுப் புது ஆயிலை நடுக்கோடு வரை ஊற்றினேன். இருபது நிமிடத்தில் 500 வந்துவிட்டது. ஈரம் அதிகம் இருந்தால் முதல் சில நிமிடம் பம்ப்பின் கேஸ் பேலஸ்ட் திருகை, அதாவது கொஞ்சம் வெளிக்காற்றை விட்டு ஈரம் ஆயிலில் தங்காமல் வெளியேற்றும் திருகை, திறந்து வைப்பதும் நல்லது. அந்த வீட்டில் நான் அதையும் செய்யவில்லை.

நிறுத்தும்போது முதலில் பைப்புக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ள வால்வை மூடிவிட்டுத்தான் சுவிட்சை அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பம்ப் ஆயில் பைப்புக்குள் ஏறிவிடும். திடீரென்று கரண்ட் போனாலும் இதே கதிதான். பம்ப் ஓடும்போது டீக்கடைக்குப் போகாதே என்று பையன்களிடம் சொல்வது இதற்காகத்தான். கேஸ் மிச்சமிருக்கும் லைனில் பம்ப்பை மாட்டவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, பம்ப்பின் சுவிட்சை முதலிலேயே போட்டுவிட்டு, தள்ளியிருக்கும் போர்டில் ஆன் செய்கிறோம். கசிந்த கேஸ் பற்றிக்கொள்ள சுவிட்சில் பறக்கும் ஒரு பொறி போதும்.

மோட்டார் பெல்ட் போட்டுச் சுழற்றும் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வருடங்களுக்கு முன் எங்கள் பட்டறையில் சூடாகிறது என்று பெல்ட் மூடியைக் கழற்றி வைத்திருந்தோம். புதிதாகச் சேர்ந்த பையன் குனிந்தபோது கழுத்தில் கிடந்த துண்டு பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. பிளக் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் பிழைத்தான். கழுத்தில் சிவந்த தடம் ஒரு வாரம் இருந்தது. அன்று மாலையே மூடியை மாட்டினோம். துண்டு போட்டுக்கொண்டு யாரும் பம்ப் பக்கம் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டோம்.

வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். “இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?” என்று எங்களை விரட்டாதீர்கள். பம்ப் ஓட அரை மணி நேரம் கொடுங்கள், மீட்டரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஐடிஐ ஆசிரியர்களும் ஒவ்வொரு மாணவன் கையாலும் ஒருமுறையாவது பம்ப் ஆயிலை வடித்து ஊற்றச் சொல்ல வேண்டும். என்னிடம் வேலைக்கு வரும் பையன்களில் பலருக்கு ஆயிலை வடிக்கும் திருகு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

இப்படிக்கு,
ஏசி மெக்கானிக் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.