ஆலயத் திருப்பணி நிறைவு அறிக்கை: சபையாருக்குக் குழுவின் கணக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம். திருப்பணி முடிந்து பிரதிஷ்டை ஆராதனையும் நடந்துவிட்டது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ரசீதுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் பொருளாளரிடம் கேட்கலாம். கூரை, வயரிங், கதவு ஜன்னல், பீடத்தின் தரை எல்லாம் பேசியபடி முடிந்தன. விளக்க வேண்டியவை இரண்டுதான்: வேலையை ஏன் பலருக்குப் பிரித்துக் கொடுத்தோம், தெற்குச் சுவருக்கு ஏன் இவ்வளவு நாளும் பணமும் ஆயிற்று.

“குழுவென்று தேர்ந்தெடுத்த பிறகு ஊரெல்லாம் வேலை வாங்குவது ஏன், பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறீர்களா?” என்று சபைக் கூட்டத்திலேயே கேட்டார்கள். முந்தைய கோபுரத் திருப்பணியை நினைத்துப் பாருங்கள். ஒரே பெரியவர் அதைத் தலையில் சுமந்தார். சிமெண்ட் வாங்கியவர், கூலி கொடுத்தவர், ராத்திரி காவல் படுத்தவர் எல்லாம் அவரே. அவர் படுக்கையில் விழுந்தபோது எந்தக் கடைக்கு என்ன பாக்கி என்று சொல்ல ஆளில்லை. கடைக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அந்தக் குடும்பம் பட்ட பாட்டை இன்னொரு குடும்பம் படக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானித்தோம்.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் எத்திரோ தன் மருமகன் மோசேயிடம் சொல்வதும் இதுதான். காலை முதல் சாயங்காலம் வரை மோசே ஒருவரே உட்கார்ந்து நியாயம் விசாரிக்கிறார், ஜனங்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். மோசே மட்டும் தொய்ந்துபோவார் என்று எத்திரோ சொல்லவில்லை, காத்து நிற்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்குத் தலைவர்களை வையும், பெரிய வழக்கு மட்டும் உம்மிடம் வரட்டும் என்கிறார். சின்ன வழக்கை அவர்களே தீர்க்க வேண்டும். தீர்க்கிற அதிகாரத்தைக் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுத்தால் அது வெறும் ஏவல்.

அதனால் சாமான் அறைச் சாவியும் வேலையாட்களின் சாப்பாடும் பெண்கள் ஐக்கிய சங்கத்திடம் போயின. பழைய ஓடுகளை இறக்கித் தரம் பிரிப்பது வாலிபர்கள் பொறுப்பு. முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம், நம் சபையின் ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஐயா, கொத்தனார் அண்ணன், கணக்கு வாத்தியார் மூவரிடம். இத்தனை ரூபாய்க்குள் என்றால் அவர்களே முடிவெடுக்கலாம், எங்களைக் கேட்க வேண்டாம். கொடுத்த பிறகு குறுக்கே போகாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. “ஆணி வாங்கக்கூட உங்களைக் கேட்க வேண்டாமா?” என்று சிலர் எங்களை உசுப்பினார்கள். வேண்டாம் என்றே சொன்னோம்.

இனி தெற்குச் சுவர். நம் ஆலயச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அதன் மேல் சிமெண்ட் பூசினால் சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பொரிந்து, பூச்சு செதில் செதிலாக உதிரும். ஆகவே சுண்ணாம்புப் பூச்சுதான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். ஒப்பந்தக்காரரோ ஒரு வாரக் கடைசியில் தெற்குச் சுவர் பாதிக்குச் சிமெண்ட் பூசிவிட்டார். சீக்கிரம் முடியும், யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவர் கணக்கு. திங்கட்கிழமை காலையில் அளவெடுக்கப் போன ஓவர்சியர் ஐயா கை வைத்துப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். பெயர்த்தெடுக்கச் சொன்னோம். ஒப்பந்தக்காரர் பெயர்க்கும் கூலியைக் கேட்டார், சிமெண்ட் விலையைக் கேட்டார், அப்புறம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகிறபோது ஓடு முழுவதும் புதிதாக மாற்றியதாக ஒரு பில்லும் அனுப்பினார்.

அந்த நாட்களில் எங்களைப் பற்றி என்னென்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கமிஷன் வாங்கிவிட்டோம் என்றார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் சுவர் திறந்து கிடக்கிறது, இரண்டு கல்யாணம் பக்கத்துச் சபைக்குப் போய்விட்டது என்றார்கள். கல்யாண வீட்டார் பட்ட சிரமம் உண்மை, அதற்கு மனம் வருந்துகிறோம். ஆனால் சிமெண்ட்டை அப்படியே விட்டிருந்தால் உங்கள் பிள்ளைகள் காலத்தில் இதே சுவருக்கு மறுபடியும் காணிக்கை எடுக்க வேண்டியிருக்கும்.

சேகரத் தலைவரான போதகர் ஐயர் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தபோது எங்களில் யாரும் வாய்ச்சொல்லை நம்பிப் போகவில்லை. வாலிபர்கள் நல்ல ஓடுகளை எண்ணி எழுதிய நோட்டு இருந்தது. சிமெண்ட் மூட்டை எந்தத் தேதியில் எத்தனை வெளியே போனது என்ற பெண்கள் சங்கத்தின் பதிவு இருந்தது. மூவர் கையெழுத்திட்ட அளவுப் புத்தகம் இருந்தது. மூன்றும் ஒத்துப்போயின. ஓட்டு பில்லை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார். பெயர்த்த கூலியும் அவர் தலையிலேயே விழுந்தது. மிச்ச வேலைக்கு வேறு கொத்தனார்களை அமர்த்தினோம். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து, ஒவ்வொரு பூச்சும் காற்றுப்பட்டு இறுகும்வரை காத்திருந்து செய்த வேலை அது. ஒப்பந்தத் தொகைக்கு மேல் போன 3,15,000 ரூபாய் இந்தக் கூலிதான். ஒருவர் பையில் ஒரே கணக்கு நோட்டு மட்டும் இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் நாம் தோற்றிருப்போம்.

நெகேமியா 3ஆம் அதிகாரத்தை வாசிக்கிறவர்கள் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போவதுண்டு. எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, அங்கே தட்டாரும் தைலக்காரரும் கட்டுகிறார்கள், ஒருவர் தம் குமாரத்திகளோடு கட்டுகிறார், பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே கட்டுகிறார்கள். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் அந்த வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை, ஆனால் அந்த ஊர் ஜனங்கள் தங்கள் பங்கை முடித்து இன்னொரு பங்கையும் கட்டினார்கள். அந்தப் பட்டியலைப் போல இதையும் பொறுமையாக வாசியுங்கள்: மிலிட்டரிக்காரர் வீடு, பெரிய டீச்சரம்மா குடும்பத்தார், தபால்காரர் வீடு, சைக்கிள் கடை அண்ணாச்சி, கீழத்தெரு விதவைத் தாய்மார் (உண்டியலோடு வந்தார்கள்), மும்பை தாராவியில் வாழும் நம் ஊர் மக்கள், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள், ஓய்வுநாள் பள்ளிக் குழந்தைகள், பாடகர் குழு, மணிக்கயிறு கொடுத்த பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், மழையில் தார்ப்பாய் இரவல் தந்த பக்கத்துத் தெரு இந்து சகோதரர்கள். கல்வெட்டில் பெயர் வெட்ட வேண்டாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

நாங்கள் களைத்திருக்கிறோம், ஆனால் யாரும் படுத்துவிடவில்லை. குழுவில் ஐந்து பேரும் அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்தோம்.

அளவுப் புத்தகம், சாமான் பதிவேடு, மிச்சமுள்ள ஓடுகளின் பட்டியல், சாவிகள் எல்லாவற்றையும் அடுத்த சபைக் கூட்டத்தில் புதிய குழுவிடம் ஒப்படைக்கிறோம். சுற்றுச்சுவர் வேலை பாக்கி இருக்கிறது. அதைத் தெரு தெருவாகப் பிரித்திருக்கிறோம், வடக்குப் பக்கத்தை எடுக்க இன்னும் யாரும் பெயர் தரவில்லை. மனமுள்ளவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் செயலரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவுக்காக, செயலர்