முதல் அடிக்கென்று தனிப் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு தந்தையின் கேள்வி வந்திருந்தது. அவருடைய பதினான்கு வயது மகள் கோல்ப் ஆடுகிறாளாம். பயிற்சியில் அருமையாக அடிக்கிறவள், போட்டி அன்று முதல் அடியில் மட்டும் கை நடுங்கிப் பந்தைக் காட்டுக்குள் விட்டுவிடுகிறாள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பதில் எழுதியவர், பதற்றம் வருவதே பயிற்சி போதாததால்தான், தினமும் இன்னும் நூறு பந்து கூடுதலாக அடிக்கச் சொல்லுங்கள், பயம் தானாக ஓடிவிடும் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்.

அந்தப் பதில் தவறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இராமநாதபுரம் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு கோல்ப் பற்றிப் பேச இவன் யார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் பெரியபட்டினத்தில் வாலிபால் ஆடாத பையன் கிடையாது. கோல்ப் மட்டையைக் கண்ணால் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் 1991-ல் துபாய்க்குப் போனேன். கிடைத்த வேலை ஒரு கோல்ப் மைதானத்தில் புல் வெட்டுவது. இருபத்தைந்து வருஷம் அதையேதான் செய்தேன். விடியுமுன் இயந்திரத்தோடு இறங்கிப் புல்லை மழிப்பது, நேற்றைய குழியை அடைத்துவிட்டு வேறோர் இடத்தில் புதுக் குழி வெட்டுவது. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், உலகம் முழுக்க அதே அளவு. ஆட்டம் தொடங்குகிற மேடைக்கு டீ என்று பெயர். பந்தைத் தூக்கி வைக்கிற சின்னக் குச்சிக்கும் டீ என்றுதான் பெயர். உம்மாவுக்கு இதைப் புரியவைக்கவே எனக்கு ஒரு விடுமுறை போய்விட்டது.

ஆட்டக்காரர் அடிக்கத் தயாரானால் நாங்கள் இயந்திரத்தை அணைத்துவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்று நின்று, எத்தனையோ ஆயிரம் முதல் அடிகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய கம்பெனி முதலாளிகள், விமானிகள், வாரத்தில் நான்கு நாள் ஆடுகிறவர்கள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் பயிற்சித் திடலில் பந்தைக் கோடு போட்டது மாதிரி அனுப்பிக்கொண்டிருந்த அதே ஆள், போட்டி அன்று முதல் டீயில் அந்தக் குச்சியின் தலையில் பந்தை உட்காரவைக்க முடியாமல் மூன்று தடவை தவறவிடுவார். பந்து உருண்டு விழும், குனிந்து எடுப்பார், மறுபடி வைப்பார், மறுபடி விழும். பின்னால் அடுத்த ஆட்டக்காரர்கள் நான்கு பேர் கைகட்டி நிற்பார்கள். இவரா பயிற்சி போதாதவர்?

எனக்கும் அது நடந்தது. தொழிலாளர்களையும் வாரத்தில் ஒருநாள் ஆட விடுவார்கள், அப்படித்தான் கற்றுக்கொண்டேன். 2006-ல், தொழிலாளர்களுக்கென்று வைத்த போட்டியில் முதன்முதலாகப் பெயர் கொடுத்தேன். மைக்கில் என் பெயரையும் ஊரையும் வாசித்தார்கள். பெரியபட்டினம் என்று சொல்லவராமல் எதையோ சொன்னார்கள். அதுவரை சாதாரணமாக இருந்தவனுக்கு அதைக் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முதல் பந்து வலப்பக்க வேலியைத் தாண்டிச் சாலைக்குப் போனது. எல்லைக்கு வெளியே போனால் ஓர் அடி தண்டம், நின்ற இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். ஆக அடுத்தது மூன்றாவது அடி. அதுவும் அதே சாலைக்கு. ஐந்தாவது அடிதான் புல்லில் விழுந்தது. நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழியை ஒன்பதில் முடித்தேன். மற்ற பதினேழு குழிகளில் நான் வழக்கமாக ஆடுகிறபடிதான் ஆடினேன்.

அதற்கப்புறம் நானும் உங்கள் பதிலாளர் சொன்னதைத்தான் செய்தேன். கூடை கூடையாக அடித்தேன். அடுத்த போட்டி நாளை நினைத்தாலே வயிற்றைப் பிசைவது மட்டும் நிற்கவில்லை.

2007 தொடக்கத்தில் நாற்பது நாள் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, ஒரே ஒரு மட்டையும் ஆறு பந்துகளும் ஒரு துண்டுப் புல்பாயும் கொண்டுவந்தேன். புல்பாய் எதற்கு என்றால், துபாயில் 1988-ல் முதல் புல் மைதானம் வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் வெறும் மணலில்தான் ஆடியிருக்கிறார்கள். ஒரு துண்டுப் பாயைக் கையோடு எடுத்துப்போய், பந்து விழுந்த இடத்தில் அதை விரித்து, அதன் மேல் பந்தை வைத்து அடிப்பார்களாம். குழி இருக்கிற இடத்தில் மணலில் எண்ணெயைக் கலந்து இறுக்கிவைத்திருப்பார்களாம். பழைய ஆட்கள் சொல்லக் கேட்டது. துபாய் மணலில் ஆடினால் எங்கள் ஊர் மணலில் ஆடக்கூடாதா?

இரண்டே நாளில் ஐந்து பந்து காலி. மூன்று கடலுக்கு, இரண்டு உடைமரக் காட்டுக்கு. மூன்றாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மீதி ஒரு பந்தோடு போய்ப் பாயை விரித்து நின்றேன். கை நடுங்கியது. மைக் இல்லை, கூட்டம் இல்லை. படகு நிழலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் துபாயில் அன்று வந்த அதே நடுக்கம், அதே ஒட்டிய நாக்கு.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையைத் தூக்கி, "என்ன பாய், அடிப்பீங்களா மாட்டீங்களா?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. கூடையில் நூறு பந்து இருக்கும்போது எந்தப் பந்தும் எனக்கு முக்கியமில்லை. ஒன்று கோணிப்போனால் அடுத்ததில் சரிசெய்துகொள்ளலாம். கையும் அதற்கே பழகியிருக்கிறது. முதல் டீயில் அடுத்த பந்து கிடையாது. அங்கே கேட்கிற வேலையை நான் ஒருநாள்கூடப் பழகியதே இல்லை. நூறு பந்தை இருநூறாக்கினால் அடுத்த பந்தை நம்பி அடிக்கிற பழக்கம்தான் இன்னும் முற்றும்.

அன்றிலிருந்து விடுமுறை முடிகிறவரை சாயங்காலம் ஒரே ஒரு பந்து. ஓர் அடி, அவ்வளவுதான். நன்றாகப் போனாலும் சரி, கெட்டுப்போனாலும் சரி, நடந்துபோய் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு. இன்னும் ஒன்று அடிக்க வேண்டும்போல் கை துறுதுறுக்கும். அடிக்க மாட்டேன். பாய் விரித்து ஒரு அடி அடிக்க இவ்வளவு தூரம் நடந்துவருகிறவனைப் பார்த்து ஊரே சிரித்தது. மச்சான் ஒருவர், துபாயில் ஏதாவது ஆகிவிட்டதா என்று என் மனைவியிடம் தனியாக விசாரித்தாராம்.

ஒரே பந்து என்றானதும் நான் செய்கிற தப்பெல்லாம் எனக்கே தெரிய ஆரம்பித்தது. பாயில் நின்றதிலிருந்து மூச்சை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன், விடுவதே இல்லை. மட்டையை உயிர் நண்டைப் பிடித்தவன் மாதிரி இறுக்குகிறேன். பந்தின் முன்னால் நிற்கிற நேரமும் நாளுக்கு நாள் நீள்கிறது. நிற்க நிற்கத் தோளில் ஏறுகிற விறைப்பைப் பக்கத்தில் நிற்கிறவரே பார்த்துவிடலாம். அதனால் எனக்கென்று ஒரு நடைமுறையை வைத்துக்கொண்டேன். பாய்க்குப் பின்னால் நின்று, பந்து விழ வேண்டிய இடத்தில் ஒரு பனையைப் பார்ப்பேன். மூச்சை நீளமாக வெளியே விடுவேன். ஆழமாக இழு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு உதவியது வெளியே விடுவதுதான். மூச்சு வெளியேறும்போது நாடித்துடிப்பு சற்றுக் குறையும், உடம்பின் அமைப்பே அப்படி. அப்புறம் பாயில் கால் வைத்ததிலிருந்து மனசுக்குள் ஏழு எண்ணுவதற்குள் அடித்துவிட வேண்டும். எட்டு வந்தால் விலகி மறுபடி பனையிலிருந்து ஆரம்பம்.

இரண்டு வாரத்தில் அதுவும் பழகி, நடுக்கம் வராமல் போயிற்று. வராவிட்டால் எதைப் பழகுவது? எங்கள் தெருப் பையன்களைக் கூப்பிட்டேன். நான் பாயில் நிற்கும்போது என் பெயரை மைக்கில் வாசிக்கிறவர் மாதிரி கத்த வேண்டும். பந்து கடலுக்குள் போனால் எல்லோருக்கும் கீழக்கரைத் தொதல், உடைமரத்துக்குள் போனால் ஆளுக்கு ஒரு சர்பத். பதினோரு பையன்கள். ஒருவன் பெயரைக் கத்த, மற்ற பத்துப் பேரும் "கடலு... கடலு..." என்று மூச்சுவிடாமல் ஓதுவார்கள். அந்தச் சனியன்களுக்கு முன்னால் அடித்துப் பழகினவனுக்கு எந்தப் போட்டியின் கூட்டமும் பெரிசில்லை. மூன்று தடவை பந்தைக் கடலிலிருந்து மீட்டு, தொதலும் வாங்கிக் கொடுத்தேன். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கிண்டுகிற பண்டம், விலை கொஞ்சமில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த விலை மட்டையைப் பிடிக்கும்போது ஞாபகம் வரும். அதுதான் எனக்குத் தேவைப்பட்டது.

அந்த வருஷக் கடைசியில் மறுபடி போட்டி. மைக்கில் பெயர் வாசித்தார்கள், கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் இந்த நடுக்கத்தை எனக்குத் தெரியும், எங்கள் ஊர் மணலில் முப்பது தடவைக்கு மேல் பார்த்தாயிற்று. நெடுந்தூரம் அடிக்கிற டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு, ஊரில் பழகிய, தூரம் குறைவாகப் போகிற 7-ஆம் எண் இரும்பு மட்டையை எடுத்தேன். கூட ஆடியவர் சிரித்தார். மூச்சை விட்டேன், ஏழுக்குள் அடித்தேன். பந்து பெரிய தூரம் போகவில்லை, யாரும் கைதட்டவும் இல்லை. புல்லின் நடுவில் கிடந்தது. அந்தக் குழியை ஐந்தில் முடித்தேன்.

சின்ன மட்டையை எடுத்தால் தப்பித்துவிடலாம் என்று அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரான ரோரி மெக்கில்ராய் 2019-ல் வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனைத் தொடங்கினார். சொந்த மண், பதினாறு வயதில் பதினெட்டுக் குழியையும் 61 அடியிலேயே முடித்துச் சாதனை வைத்த மைதானம். முதல் டீயில் டிரைவரை எடுக்காமல் இரும்பு மட்டையைத்தான் எடுத்தார். பந்து இடப்பக்கம் எல்லைக்கு வெளியே. நான்கில் முடிக்க வேண்டிய குழி எட்டில் முடிந்தது. மறுநாள் 65 அடியிலேயே முடித்தும், கடைசி இரண்டு நாள் ஆடுகிற தகுதியை ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் இழந்து போட்டியை விட்டு வெளியேறினார். அதே மனிதர் 2025-ல் அமெரிக்காவின் பெரிய போட்டியான மாஸ்டர்ஸின் கடைசி நாளில் இரண்டு அடி முன்னிலையோடு இறங்கி, முதல் குழியிலேயே இரண்டையும் தொலைத்தார். ஆனாலும் அன்று கோப்பை அவருக்குத்தான். டைகர் உட்ஸ் 1997 மாஸ்டர்ஸில் முதல் ஒன்பது குழிக்கு 40 அடி எடுத்துத் திணறினார், அடுத்த ஒன்பதை 30-ல் முடித்தார், கடைசியில் 12 அடி வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தந்தை தன் மகளிடம் சொல்ல வேண்டியது இந்தக் கதைகளைத்தான். முதல் குழியில் போனது போகட்டும், இன்னும் பதினேழு இருக்கிறது.

அந்தத் தந்தைக்கும் ஒரு வார்த்தை. முதல் டீக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். நின்ற அப்பாக்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையைவிட அதிகமாக வியர்ப்பவர்கள் அவர்கள்தான். பந்து விழுகிற பக்கம் தள்ளிப்போய் நில்லுங்கள். போட்டி அன்று அவளை நேரத்தோடு கொண்டுவிடுங்கள். தொடங்க ஐந்து நிமிஷத்துக்குள் தாமதித்தால் இரண்டு அடி தண்டம், அதற்கு மேல் போனால் ஆட்டத்திலிருந்தே நீக்கம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து நேராக டீயில் ஏறுகிறவர்கள் எப்படி அடிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சித் திடலில் அவள் கடைசியாக அடிக்கிற பந்து, முதல் டீயில் எடுக்கப்போகிற அதே மட்டையால் இருக்கட்டும். அது நன்றாகப் போகவில்லை என்று இன்னொன்று கேட்பாள், கொடுக்காதீர்கள்.

மற்ற நாட்களில் நூறு பந்து அடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பையைக் கட்டிவைத்துவிட்டு அரை மணி நேரம் எங்காவது உட்கார்ந்திருக்கட்டும். உடம்பு ஆறினதும் திரும்பி வந்து ஒரே ஒரு பந்து. வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பெயரை உரக்கக் கூப்பிட்டு. கடலுக்குப் போனால் தொதல் என்பது மாதிரி அவர்கள் வீட்டுக்குத் தகுந்த ஏதோ ஒன்றைப் பந்தயம் வையுங்கள். எங்கள் ஊர் வாலிபால் பையன்களுக்கும் முதல் சர்வீசுக்கு இதையேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு சர்வீஸ், தவறவிட்டவன் அன்றைக்கு வலையை அவிழ்த்துச் சுருட்ட வேண்டும்.

இந்தக் கடிதத்தை வெளியிட இடமில்லாவிட்டாலும் அந்தத் தந்தைக்கு அனுப்பிவைத்தால் போதும்.

நான் ஊருக்குத் திரும்பி வருஷங்கள் ஆயிற்று, இப்போது ஆடப் போட்டி ஏதும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஒரு பந்து என்பதை விடவில்லை. கையில் இருப்பதே இரண்டுதான். நேற்று அடித்தது வாடைக்காற்றில் திரும்பி உடைமரத்துக்குள் போய்விட்டது. விதிப்படி மூன்று நிமிஷம் தேடினேன். அப்புறம் விதியை மீறி மஃரிப் பாங்கு வரைக்கும் தேடினேன். கிடைத்துவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புல்வெட்டுத் தொழிலாளி,
பெரியபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்.
(பெயரைப் போட வேண்டாம் ஐயா. மச்சான் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.)