மணியின் கண் திறக்கத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் ஆமை மணி நேற்று இரு கண்களையும் திறந்து, தானாகவே நடந்து சென்று இலை தின்றது. கண் மூடி, தின்னாமல் அது கிடந்த இந்தச் சில கிழமைகளில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றை மறுபடியும் எழுதப்போவதில்லை. மனம் முழுவதாக அடங்குவதற்கு முன்பே நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றே எழுத உட்கார்ந்தேன்.

ஊர்வனவற்றின் சீழ் நீராக வடியாமல் பாற்கட்டி போல இறுகிவிடும் என்பதை, மணியின் இமைக்கு அடியிலிருந்து கண்ணில் கீறல் படாமல் அதை எடுத்த மிருக வைத்தியர் காட்டியபோதுதான் அறிந்தோம். விற்றமின் ஏ குறைபாடு என்று தெரிந்தும் அவர் அவசரப்பட்டு ஊசி போடவில்லை. அளவு மிஞ்சினால் ஆமையின் தோலே உரிந்துவிடும் என்று விளக்கி, உணவின் வழியே ஈடுசெய்வோம் என்றார். அவருக்கும், மணியின் பழைய விளக்கில் வெளிச்சம் குறையாவிட்டாலும் புற ஊதாக் கதிர் குறைந்துபோயிருக்கும் என்று சொல்லி அன்றிரவே புதிய விளக்கைக் கொண்டுவந்து மாட்டிய நண்பருக்கும், சொட்டு மருந்து விடும்போதெல்லாம் மணி தலையை உள்ளே இழுத்துக்கொள்ள, பொறுமையோடு பக்கத்திலிருந்து உதவிய அயலவர்களுக்கும் எங்கள் நன்றி.

ஆனால் இந்த மடல் பெரும்பாலும் பூங்காவுக்கு எதிர்வீட்டில் மகனோடு வசிக்கும் பருத்தித்துறை அம்மாவுக்கு உரியது.

உணவின் வழியே என்று வைத்தியர் சொன்னது முக்கியமாக டான்டிலயன் என்ற, மஞ்சள் பூப் பூக்கும் காட்டுச்செடியின் இலையைத்தான். முன்பு வளர்ந்த வீட்டில் வெள்ளரிக்காயும் வெளிறிய லெட்டூசுமே தின்று பழகிய மணிக்கு, அதை நாள்தோறும் புதிதாகப் பறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. வேலியோரம் தேடிக்கொண்டிருந்த என் மகளிடம், "என்ன பிள்ளை தேடுறாய்?" என்று கேட்டிருக்கிறார் அம்மா. மறுநாள் காலை எங்கள் வாசலில் ஈரத்துணியில் சுற்றிய இலைக்கட்டு ஒன்று இருந்தது. அதன்பின் மழை பெய்த நாள்களில்கூட அது வரத் தவறவில்லை. நாய்கள் நடக்காத, மருந்து தெளிக்காத இடங்களாகப் பார்த்து, வேர் மிஞ்சும்படி இலையை மட்டும் கிள்ளி, கழுவி உதறிக் கொண்டுவருவார். ஊரில் கீரை பறித்த கை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

இலை கிடைத்தும் மணி தின்னவில்லை. ஆமை உணவைக் கண்ணாலும் மணத்தாலும் அறிவது. கண் மூடிக் கிடந்தால் முன்னால் வைத்ததுகூட அதற்கு இல்லாததுதான். நாங்கள் சோர்ந்திருந்த அன்று அம்மா உள்ளே வந்து, ஓர் இலையை விரல்களால் கசக்கி, மணியின் மூக்கருகே அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து மணி வாயைத் திறந்தது. இது எப்படித் தோன்றியது என்று கேட்டேன். தமக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை நடப்பதற்கு முன், தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சாப்பாடே வெறுத்துப்போனதையும், மருமகள் ஒவ்வொரு கறியையும் மணம் பிடிக்கச் செய்து பெயர் சொல்லி ஊட்டியதையும் சொன்னார். மணியின் வலது கண் சற்றே திறந்த நாளிலிருந்து, ஆமைக்கு நிறம் தெரியும் என்று வைத்தியர் சொன்னதை நினைவில் வைத்து, இலையோடு மஞ்சள் பூக்களையும் சேர்த்துக்கொண்டுவந்தார்.

மணியின் இடது கண்ணில் இன்னும் மங்கல் இருக்கிறது. அது தெளியும் என்று வைத்தியர் உறுதி சொல்லவில்லை. சென் ஹெலனாத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட, 1832 அளவில் பிறந்ததாகக் கணிக்கப்படும் ஜொனதன் என்ற ஆமை, கண்புரையால் பார்வையும், அதோடு மண உணர்வும் இழந்தபின், அங்குள்ள மிருக வைத்தியர் கையால் ஊட்டியதால் உடல் தேறியது. இடது கண் தெளியாமலே போனாலும் மணிக்கு நாங்கள் அப்படியே இருப்போம்.

அம்மா, உங்களுக்கு முழங்கால் நோவு என்பதை உங்கள் மகன் சொல்லி நேற்றுத்தான் அறிந்தோம். இனி நீங்கள் குனிய வேண்டாம். எங்கள் பின்வளவில் ஒரு பகுதியை மருந்து தெளிக்காமல், புல் வெட்டாமல் டான்டிலயனுக்கென்றே விட்டிருக்கிறோம். ஆமை வளர்க்கும் எவரும் வந்து பறித்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மாலை நீங்கள் தேநீருக்கு வரவேண்டும். மணி பூவை எட்டிப் பிடிப்பதை உங்களுக்குக் காட்ட என் மகள் காத்திருக்கிறாள்.

நன்றியுடன்,
மணியின் வீட்டார்
ஹாரோ, லண்டன்