பட்டம் இல்லாதவருக்கு என்ன சம்பளம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த நாட்டில் பட்டத்துக்குக் கூடுதல் சம்பளம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரேசிலிலும் கொலம்பியாவிலும் பட்டதாரி வாங்கும் சம்பளம், பள்ளிப் படிப்போடு நின்றவர் வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பின் சராசரி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஸ்வீடனில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல். இவ்வளவும் சரி. ஆனால் இதை வைத்து, ஸ்வீடனில் பட்டத்துக்கு மதிப்பில்லை என்று கட்டுரையாளர் முடித்திருப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை.

ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். அதனாலோ என்னவோ, இந்தப் பட்டியலைக் கீழேயிருந்து படிக்கத் தோன்றுகிறது. ஸ்வீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்று ஒன்று கிடையாது. தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உட்கார்ந்து பேசி, துறை துறையாக ஊதியத்தை ஒப்பந்தம் போட்டு முடிக்கிறார்கள். எலக்ட்ரீஷியனுக்கும் பஸ் டிரைவருக்கும் கௌரவமான சம்பளம் கிடைத்துவிடுவதால், பட்டதாரி அவர்களைவிட வெகுதூரம் மேலே போக முடிவதில்லை. பிரேசிலில் கீழே இருப்பவருக்குக் கிடைப்பது சொற்பம், அதனால் பட்டம் பெற்றவர் எங்கோ உயரத்தில் தெரிகிறார். இடைவெளி பெரிதாக இருப்பதைப் பட்டத்தின் பெருமையாகப் படித்தால், மற்றவர்கள் வாங்கும் அரைக்கூலி கண்ணில் படாமலே போய்விடும்.

நம் நாட்டுக் கணக்கில் இன்னொரு ஓட்டை உண்டு. சம்பள ஒப்பீடு என்றாலே சம்பளம் வாங்குகிறவர்களை மட்டும்தான் எண்ணுவார்கள். வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பி.இ., பி.எஸ்சி. பிள்ளைகள் அதில் வரமாட்டார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பும் டெல்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வெறும் 3.4 சதவீதம். படிக்காதவனுக்கு நல்ல வேலை காத்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேலையில்லாமல் இருக்கவும் கொஞ்சம் வசதி வேண்டுமே! பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்கிற குரூப் 4 தேர்வுக்குப் பட்டதாரிகள் குவிவதைத் தமிழ்நாட்டில் எல்லோரும் பார்க்கிறோம். பத்து வருஷத்துக்கு முன் புதிதாகச் சேர்கிறவருக்கு ஆண்டுச் சம்பளமாகக் கொடுத்த மூன்று, மூன்றரை லட்சத்தையே இன்றும் கொடுக்கும் ஐ.டி. கம்பெனிகள் இருக்கின்றன. நடுவில் விலைவாசி எங்கே போயிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

இன்ன பட்டம் என்பதையும் கட்டுரை தொடவே இல்லை. இங்கிலாந்தில் நிதி ஆய்வுக் கழகம் 2020இல் ஒரு கணக்குப் போட்டது. வரியும் கல்விக் கடனும் போக, பட்டத்தால் ஓர் ஆணுக்கு வாழ்நாளில் சராசரியாக 1,30,000 பவுண்டும், பெண்ணுக்கு 1,00,000 பவுண்டும் லாபம். அதே கணக்கில், ஐந்தில் ஒருவர் கல்லூரிக்குப் போகாமல் இருந்திருந்தால் பண அளவில் மேலாக இருந்திருப்பார் என்றும் வந்தது. மருத்துவமும் பொருளாதாரமும் படித்தவர்கள் சராசரியைத் தூக்கிவிடுகிறார்கள். ஓவியம், நாடகம் போன்ற கலைகளைப் படித்த ஆண்களுக்குச் சராசரியாகப் பார்த்தாலே நஷ்டம்.

இதையெல்லாம் சொன்னால், 'அப்போ எல்லோரும் ஐ.டி.ஐ.க்குப் போங்கள்' என்று உடனே சிலர் ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி மேடையில் பேசியவர்களில் ஒருவர்கூடத் தன் பிள்ளையை என் வகுப்புக்கு அனுப்பவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளையைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. அப்பன் செய்த குலத்தொழிலை விட்டு வெளியே வர அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த வழி அது. பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடவும் அதுதான் வழி. சம்பளக் கணக்கில் இதெல்லாம் வராது.

ஐ.டி.ஐ.க்குப் போகச் சொல்கிறவர்கள் ஜெர்மனியையும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. அப்படியிருந்தும் லட்சக்கணக்கான பிள்ளைகள் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். வாரத்தில் மூன்று, நான்கு நாள் பட்டறை, மீதி நாள் தொழிற்பள்ளி என்று இரண்டு, மூன்று வருஷம் ஓடும். பயிற்சிக் காலத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2020 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. பிறகு தொழிலில் கைதேர்ந்தவர் என்று சான்று தரும் 'மைஸ்டர்' தேர்வில் தேறினால், அந்த நாட்டின் தகுதி வரிசையில் இளநிலைப் பட்டமும் அதுவும் ஒரே படியில், ஆறாம் படியில்.

இங்கே? 2019இல் திருத்திய அப்ரண்டிஸ் விதிகளில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். இரண்டு வருஷம் லேத்திலும் அரத்திலும் கை காய்த்துப்போன ஐ.டி.ஐ. பையனுக்கு 7,000. வெறும் பிளஸ் டூ முடித்து வருபவனுக்கும் அதே 7,000தான். அந்த இரண்டு வருஷத்துக்கு அரசாங்கமே ஒரு ரூபாய்கூட மதிப்புப் போடவில்லை. இதைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் கடன் வாங்கியாவது பிள்ளையை இன்ஜினியரிங்கில் சேர்த்தால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் போடும்போது, பிளஸ் டூவோடு நின்ற ஒரு வெல்டர் அந்தந்த நாட்டில் மாதம் எவ்வளவு வாங்குகிறார், அதில் வீட்டு வாடகை போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று இன்னும் இரண்டு பத்தி சேர்த்துப் போடுங்கள். பட்டதாரி சம்பளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
சேலம்.