தண்டையார்பேட்டையிலிருந்து கலாவுக்கு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார். எம்.சி. ரோட்டில் கூட்டம் மட்டும் நீ இருந்த காலத்தைப் போலவேதான், கொஞ்சமும் குறையவில்லை.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது நீ நாலு வரியில் எழுதிய அந்த டாய்லெட் சமாசாரத்தைத்தான். உன் மகள் பழைய டாய்லெட்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் குறைவாகச் செலவாகும் புதுசு வைத்ததும், அதற்காக லாஸ் ஏஞ்சல்ஸ் தண்ணீர்த் துறையே காசு திருப்பித் தந்ததும் உனக்கு வேடிக்கையாக இருந்தது என்று எழுதியிருந்தாய். எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை. இப்படி ஒன்று வடசென்னைக்கு ஏன் வரவில்லை என்றுதான் அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

நம் பக்கத்தில் பழைய குவார்ட்டர்ஸ், பழைய அடுக்குமாடி எதற்குள் போனாலும் தலைக்கு மேலே சங்கிலி தொங்கும் அந்த இரும்புத் தொட்டி இருக்கும், இல்லையென்றால் முதலில் வந்த பிளாஸ்டிக் டேங்க் இருக்கும். ஒரு தடவை இழுத்தால் பத்து லிட்டர் போகும், சிலதில் பன்னிரண்டரை. இப்போது கடையில் கிடைக்கிற இரண்டு பட்டன் டேங்கில் பெரிய பட்டனுக்கு ஆறு லிட்டர், சின்னதுக்கு மூன்று. வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து தடவை, அதில் ஒரு தடவைதான் பெரிய பட்டன் என்று வைத்துக்கொள். பழைய டேங்கில் ஒரு நாளைக்கு 250 லிட்டர் ஆகும், புதிதில் 90 போதும். மிச்சம் 160 லிட்டர், அதாவது பத்துக் குடத்துக்கு மேல்! குடம் தூக்கி வளர்ந்த நமக்கு அது எவ்வளவு என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.

2019 ஜூனில் ஏரியெல்லாம் காய்ந்துபோனது உனக்கு நினைவிருக்கும். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 50 வேகனில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த மாதிரி பழைய டேங்க் வைத்திருக்கிற 16,000 குடும்பங்கள் மாற்றிக்கொண்டால், தினமும் ஒரு ரயில் தண்ணீர் இங்கேயே மிச்சமாகிவிடும். கடலைக் குடிநீராக்க மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் ஆலை கட்டியிருக்கிறார்கள், அதுவும் வேண்டியதுதான். ஆனால் அவ்வளவு பணமும் கரண்டும் செலவழித்துச் சுத்தமாக்கிய தண்ணீரில் ஒரு பங்கைச் சாக்கடைக்குள் இழுத்துவிடுகிறோமே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நியூயார்க்கில் 1994 முதல் 1997 வரை இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். சுமார் 13 லட்சம் டாய்லெட்டுகளை மாற்றினார்களாம். புதிதாக அணை கட்டி, கழிவுநீர் நிலையத்தைப் பெரிதாக்கி ஆகும் செலவைவிட வீட்டுக்காரர் கையில் காசு கொடுப்பது மலிவு என்று கணக்குப் போட்டுத்தான் இறங்கினார்கள். அப்படிக் கழற்றிய டாய்லெட்டுகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பின்னாளில் எடுத்த பழைய டாய்லெட் பீங்கானை உடைத்து, 2016இல் ஜமைக்கா பே என்ற கழிமுகத்தில் சிப்பி வளர்வதற்குத் திட்டாகப் போட்டிருக்கிறார்கள். படித்ததும் எண்ணூர்க் கழிமுகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. சாம்பலும் எண்ணெயும் பார்த்துப் பார்த்து அலுத்த அந்தத் தண்ணீருக்கு யாராவது இப்படி ஒரு நல்லது யோசிக்க மாட்டார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நடக்கிற மாதிரியே இங்கே செய்தால் நடக்காது, கலா. உன் மகள் முதலில் கைக்காசைப் போட்டாள், பில்லைக் காட்டினாள், அப்புறம் பணம் வந்தது. கொருக்குப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறவள் அந்தக் கைக்காசுக்கு எங்கே போவாள்? வீடு அவளுடையது இல்லை. வீட்டுக்காரருக்கோ மாற்றுவதால் ஒரு லாபமும் இல்லை. அங்கே மீட்டர் ஓடுகிறது, தண்ணீர் குறைந்தால் பில்லும் குறையும். இங்கே பெரும்பாலான வீடுகளில் மீட்டரே கிடையாது, எவ்வளவு செலவழித்தாலும் அதே கட்டணம்தான். அதனால் தள்ளுபடி என்று அறிவித்தால் ஏற்கெனவே வசதி உள்ளவர்கள்தான் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருவில் அடிபம்பு அடித்து, மாடிக்குத் தூக்கிப்போய், மக்கில் மொண்டு ஊற்றுகிற பெண்களுக்குச் சிக்கனம் என்று யாரும் பாடம் நடத்த வரக்கூடாது. அவர்கள் வீணாக்குவதற்கு அங்கே தண்ணீரே இல்லை. மாற்ற வேண்டியது மேலே டேங்க் வைத்திருக்கிற குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் இவற்றில்தான். மிச்சமாகிற தண்ணீர் அந்தப் பெண்களின் தெருவுக்கு வர வேண்டும்.

உன் ஊரிலேயே இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார்கள், உனக்குத் தெரியுமோ என்னவோ. 1990களில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில், மெக்சிகோ வழி வந்த ஏழைக் குடும்பங்கள் இருக்கிற பகுதியில், தாய்மார்கள் சேர்ந்து நடத்திய அமைப்பு ஒன்று இந்த வேலையை எடுத்துக்கொண்டது. பில், படிவம் ஒன்றும் இல்லாமல் புது டாய்லெட்டை இலவசமாகவே கொடுத்தார்கள். அந்தப் பகுதி ஆட்களுக்கே வேலை கிடைத்தது. இந்த வேலைக்காக அமைப்புக்கு வந்த பணத்தை அங்கேயே நல்ல காரியங்களுக்குச் செலவழித்தார்கள். நம்மிடம் தெருவுக்குத் தெரு மகளிர் குழு இருக்கிறது, கடன் வசூலிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. எந்த வீட்டில் எந்த டேங்க் ஒழுகுகிறது என்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கையில் இதைக் கொடுத்து, கூட ஒரு பிளம்பரையும் அனுப்பினால் போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பொருள் மட்டும் நல்லதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆரம்பத்தில் வந்த சில மாடல்கள் ஒரு தடவையில் சுத்தமாகாமல் ஜனங்கள் இரண்டு தடவை இழுத்தார்களாம். அப்புறம்தான் சோயா விழுதைப் போட்டு, எவ்வளவு தள்ளுகிறது என்று சோதித்துப் பார்க்கும் முறை வந்தது. பழைய கோப்பையை அப்படியே விட்டுவிட்டு டேங்கை மட்டும் சின்னதாக்கினாலும் இதே தொல்லைதான். நம் உப்புத் தண்ணீருக்கு வாஷர் சீக்கிரம் பொரிந்துபோய் உள்ளுக்குள்ளேயே கசியும். டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் இருந்து பார்த்தால், கோப்பையில் நீலம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். நம் மாடியில் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். உன் மகள் வீட்டிலும் அவ்வப்போது பார்க்கச் சொல்.

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் இதைக் கேட்டு மனுக் கொடுக்கப்போகிறேன். அதற்கு உன் உதவி வேண்டும். மகள் நிரப்பிய படிவத்தில் என்னென்ன கேட்டார்கள், பழையதைக் கழற்றியதற்கு என்ன சாட்சி காட்டச் சொன்னார்கள், பணம் வர எவ்வளவு நாள் ஆனது, எல்லாவற்றையும் விசாரித்து எழுது. மனுவை முதலில் உனக்குத்தான் அனுப்புவேன், நீ பார்த்துத் திருத்திக் கொடுத்த பிறகு கையெழுத்து வாங்கக் கிளம்புகிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குழந்தைக்கு என் முத்தம்.

அன்புடன்,
வசந்தி